தோற்றால் பரமபத அட்டையைக் கவிழ்க்கும் 5 வயது மகன்

தோற்றால் மகன் அட்டையைக் கவிழ்க்கிறான் என்பதற்காக அவனிடம் வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதை நிறுத்துங்கள். அட்டையை ஒளித்துவைக்கவும் வேண்டாம். 98-ஆம் கட்டத்தில் பாம்பு கடித்ததும் கவிழ்க்கிறான் என்கிறீர்கள். ஏமாற்றத்தைத் தாங்கும் பக்குவம் 5 வயதில் முழுதாக வந்திருக்காது. வீட்டில் ஜெயித்தே பழகியவனுக்கு அது இன்னும் கடினம்.

உங்கள் காய் பாம்பில் இறங்கும்போது, "அடடா, எரிச்சலாக வருகிறது. மூச்சை நன்றாக இழுத்துவிட்டு உருட்டுகிறேன்" என்று உரக்கச் சொல்லுங்கள். கவிழ்த்தால் உபதேசம் வேண்டாம் (தாத்தாவிடமும் சொல்லிவையுங்கள்). அழுகை அடங்கியபின் காய்களை அவனே பொறுக்கட்டும்.

ஒருமுறை இருவரும் ஒரே காயை நகர்த்தி, பாம்புகளுக்கு எதிராக ஆடிப்பாருங்கள். அப்போதும் கவிழ்த்தால் உங்களிடம் தோற்பது மட்டும் காரணமில்லை. பசியோ தூக்கக் கலக்கமோ இருக்கலாம்.

பள்ளியிலும் இப்படியே நடந்தாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தினாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.