முட்டையப்பமும் கச்சானும்

கேள்வி: அப்பாவின் சளியைச் சோதனைக்குக் கொடுத்தோம். 'எபிதீலியல் செல் அதிகம், பஸ் செல் குறைவு, திரும்பவும் சளி தரவும்' என்று எழுதித் தந்தார்கள். கிருமியைத் தேடச் சொன்னால் மனிதச் செல்லை ஏன் எண்ணுகிறார்கள்?
– வாசகி, உப்புவெளி

பதில்: திருகோணமலையில் ஓய்வு பெறும்வரை ஸ்லைட் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்: நீங்கள் கொடுத்தது பெரும்பாலும் எச்சில்.

எபிதீலியல் செல் வாயின் உட்தோலில் இருந்து உரிவது. நுணுக்குக்காட்டியில் முட்டையப்பம் மாதிரியே இருக்கும்: அகலமான தட்டை, நடுவில் சின்னக் கரு. பஸ் செல் (pus, அதாவது சீழ் செல்) என்பது கிருமியோடு சண்டை பிடிக்க வரும் வெள்ளை அணு. அப்பத்தில் நாலிலொரு பங்கு அகலம்கூட வராது. அதன் கரு கச்சான் கோது போல இடையிடையே இறுகி, இரண்டு மூன்று முடிச்சாகத் தெரியும். குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்தில் அப்பம் பத்துக்கு மேல் போனால் பல ஆய்வுகூடங்கள் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) போடாது. போட்டால் வளர்வது வாயில் வழமையாக இருக்கும் கிருமிதான். அதற்கு மருந்து கொடுத்து என்ன பயன்? பஸ் செல் இருபத்தைந்துக்கு மேல் என்றால் நல்ல சளி. (இரத்தத்தில் வெள்ளை அணு குறைந்த நோயாளிக்கு இது பொருந்தாது.)

இன்னொன்றுக்கும் பஸ் செல் உதவும். கிருமியை ஊதா, சிவப்பு என்று நிறத்தால் இரண்டாகப் பிரிக்க 1884இல் கிராம் என்ற டென்மார்க்காரர் சொன்ன முறையில் ஊதாச் சாயம், அயடீன், அல்ககோல் கழுவல்; கடைசியில் வரும் சிவப்புச் சாயம் பின்னாளில் சேர்ந்தது. சரியாகக் கழுவினால் மனிதச் செல்லின் கரு இளஞ்சிவப்பாக வரவேண்டும். ஊதாவாக நின்றால் கழுவல் போதாது, கிருமியின் நிறத்தையும் நம்ப முடியாது. வேலைக்கு வந்த புதிதில் நான் விழுந்த குழி இதுதான். தடிப்பாகப் பூசிய ஸ்லைட்டில், சிதைந்த பஸ் செல்லின் ஊதாத் துண்டுகளை 'உருண்டைக் கிருமி' என்று எழுதிவிட்டேன். மூத்தவர் ஏசவில்லை. "பிள்ளை, எல்லாம் ஒரே அளவா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தால், ஒன்று பெரிது, ஒன்று பொடி. ஒரே இனக் கிருமி அப்படிப் பெருசும் சிறுசுமாகக் கிடக்காது.

சரி, நாளைக் காலை அப்பா வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும். அப்புறம் மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்பட்டும். தொண்டையைக் கனைத்துத் துப்புவது கணக்கில் வராது. போத்தலை வீட்டில் வைத்திராமல் உடனே கொண்டுபோங்கள்.