ஜிலேபியும் மாமனாரும்

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. ஒரு காலத்தில் எந்தப் படத்துக்கும் முதல் நாளே போனவர். இப்போது கூப்பிட்டால், ‘மூன்று மணி நேரம் உட்கார முடியாதம்மா’ என்கிறார். வயதானால் சினிமா ஆசை விட்டுப்போய்விடுமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: உட்கார முடியாதா? மார்கழியில் சென்னை சபாக்களுக்கு வந்து பாருங்கள். எழுபதைத் தாண்டியவர்கள் மங்களம் பாடும்வரை நாற்காலியை விட்டு அசைவதில்லை. மிருதங்கம் தனியாக முழங்கும் தனி ஆவர்த்தனத்தின்போது மட்டும் கேன்டீனுக்கு எழுந்து ஓடுவார்கள். மிருதங்க வித்வான்கள் சார்பில் இதைக் கண்டித்து எழுதியே சில சந்தாக்களை இழந்திருக்கிறேன். இருந்தாலும் மறுபடி கண்டிக்கிறேன்.

மாமனாரின் சிக்கல் எழுந்து போவதில். பழைய தியேட்டர்களில் தரை சரிவாக இருக்கும். இப்போது படிக்கட்டு. பாதிப் படத்தில், இருட்டில், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் இறங்கி, கழிவறை போய்த் திரும்பி, தன் வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். இதையெல்லாம் மருமகளிடம் எப்படிச் சொல்வார்?

அடுத்து, சர்க்கரைக்காரராக இருந்தால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். வீட்டு இட்லிக்கு அனுமதி இல்லை. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்காரர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜிலேபி தின்றுவிட்டுப் பிசுபிசுத்த விரலை இருக்கையில் துடைத்தால் சுத்தம் செய்யும் செலவை யார் கொடுப்பது என்று தலைமை நீதிபதி கேட்டார். நியாயம்தான். ஆனால் ஜிலேபியோடு சினிமாவுக்கு வந்த தமிழரை நான் பார்த்ததில்லை. நாம் முறுக்குக் கட்சி. முறுக்கு எதிலும் ஒட்டாது. தட்டையும் ஒட்டாது. ஒட்டுவது அவர்களே விற்கும் கேரமல் பாப்கார்ன். அதை யார் துடைக்கிறார்களோ, அவர்களே ஜிலேபியையும் துடைக்கட்டும்! கைக்குழந்தைக்கு உணவு கொண்டுவந்தால் தடுப்பதில்லை என்று அதே வழக்கில் தியேட்டர் தரப்பு சொன்னது. மாமனாரைக் கைக்குழந்தைக் கணக்கில் சேர்த்தால் இட்லி உள்ளே போகும்.

அந்தக் காலத்தில் சென்னை மவுண்ட் ரோடு ப்ளூ டைமண்ட் தியேட்டரில் தொடர் காட்சி. ஒரே டிக்கெட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஏ.சி.யில் தூங்குவதற்கென்றே வந்தவர்கள் உண்டு. இப்போது கதாநாயகன் பல் துலக்கினாலே நாற்காலி அதிர்கிறது. தூக்கம் எங்கே வரும்?

பகல் காட்சிக்கு, கதவை ஒட்டிய வரிசையில், ஓரத்து இருக்கையாகப் போட்டுப் பாருங்கள். அது திரைக்குப் பக்கத்தில் இருந்தால் கழுத்து வலிக்கும். தைலம் வெளி உணவில் சேருமா என்று தீர்ப்பைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.