யு2-வின் ‘க்ளா’ மேடை: ரசிகர்கள் கேட்டவையும் பதில்களும்

அயர்லாந்தின் யு2 ராக் இசைக்குழுவின் 360° இசைப் பயணம் 2009 ஜூன் 30 அன்று பார்சலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் தொடங்கி, 2011 ஜூலை 30 அன்று கனடாவின் மாங்க்டனில் முடிந்தது. மொத்தம் 110 நிகழ்ச்சிகள், 70 லட்சத்துக்கும் அதிகமான பார்வையாளர்கள். நான்கு கால் ஊன்றி நின்ற அதன் மேடைக்கு வழங்கிய செல்லப்பெயர் ‘க்ளா’ (கூர்நகம்). அதைப் பற்றி இன்றும் இரண்டு கட்சிகள் உண்டு. வந்த கேள்விகளில் மேடை அமைப்பைத் தொடுபவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ரேவதி: நாலு பேர் வாசிக்கிறதுக்கு 50 மீட்டர் உயரத்துல ஒரு இரும்புக் கூடாரம் எதுக்கு? மேல் வரிசையிலிருந்து எடுத்த வீடியோக்களில் பேண்டையே தேட வேண்டியிருக்கு.

அந்த 50 மீட்டர், நடுவில் நிற்கும் கோபுர முனையையும் சேர்த்த கணக்கு. உயரத்தைப் புரிந்துகொள்ள, வழக்கமான ஸ்டேடியம் மேடையை முதலில் பாருங்கள். மைதானத்தின் ஒரு முனையில் கூரை, பின்னால் பெரிய திரை, இரு பக்கமும் ஸ்பீக்கர் கோபுரங்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகளை விற்க முடியாது. பக்கவாட்டில் இருப்பவர்களுக்குக் கோபுரத்தின் முதுகுதான் தெரியும்.

நான்கு பக்கமும் ஆட்கள் உட்கார வேண்டுமென்றால் ஸ்பீக்கர், விளக்கு, திரை எல்லாமே தலைக்கு மேலே போக வேண்டும். திறந்தவெளி ஸ்டேடியத்தில் அவற்றைத் தொங்கவிடக் கூரை கிடையாது. மேடையை ஒட்டித் தூண் நட்டால் மறுபடியும் பார்வை மறையும். அதனால் தூண்களைக் கூட்டத்துக்குள் வெகுதூரம் தள்ளி வைத்து, நடுவில் வளைவாக இணைத்தார்கள். கால்கள் அகல அகல, வளைவும் உயர வேண்டும். அந்தச் சட்டகம் சுமார் 200 டன் வரை தாங்கும்படி கட்டப்பட்டது. நிகழ்ச்சி வடிவமைப்பாளர் வில்லி வில்லியம்ஸ், கட்டடக் கலைஞர் மார்க் ஃபிஷர் இருவரின் வேலை இது. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் வளைந்த கால்களோடு நிற்கும் ‘தீம் பில்டிங்’தான் இந்த வடிவத்துக்குத் தூண்டுதல்.

மேல் வரிசையிலிருந்து பேண்ட் சின்னதாகத் தெரிந்தது உண்மை. ஆனால் அங்கிருந்து எந்த மேடையில் பார்த்தாலும் மனிதர்கள் அந்த அளவுதான் தெரிவார்கள். க்ளா கொடுத்த லாபம் கீழே இருக்கிறது: பின்சுவர் இல்லை, ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) அடுக்கு இல்லை, பக்கத் தூண் இல்லை. பெரிய இரும்பு வேலை நடந்ததே அந்த வெறும் தளத்துக்காகத்தான் என்பது என் கருத்து.

இம்ரான்: 360 டிகிரின்னு பேர். ஆனா மேடையை மைதானத்தின் நடுவில் போடாம ஒரு முனைக்குத் தள்ளித்தானே போட்டாங்க? பின்னாடி உட்கார்ந்தவங்க முதுகைத்தான் பார்த்தாங்க.

சரியான கவனிப்பு. பெரும்பாலான ஊர்களில் மேடை நடுக்கோட்டில் நிற்கவில்லை, ஒரு கோல் முனையை நோக்கித் தள்ளி நின்றது. நடுவில் வைத்தால் பாடகர் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதிக் கூட்டத்துக்கு முதுகு. தள்ளி வைத்தால் பெரும்பான்மைக்கு முகம், பின்னால் இருக்கும் சிறுபான்மைக்குத் தூரம் குறைவு. பின்பக்கத்தினருக்குக் கொடுத்த ஈடு அந்த நெருக்கம்தான்.

முதுகுப் பிரச்சினையைச் சமாளிக்க மூன்று ஏற்பாடுகள் இருந்தன. மேடையைச் சுற்றி வட்டமான நடைபாதை. அதற்கும் மேடைக்கும் இடையே நகரும் பாலங்கள். லாரி மல்லனின் டிரம்ஸ் மேடை சுழலக்கூடியது. டிரம்மர்தான் இடம்விட்டு எழ முடியாதவர் என்பதால் அவரைத்தான் முதலில் சுழற்ற வேண்டும். ஒரு பாட்டில் அவர் கழுத்தில் ஜெம்பே (கையால் தட்டும் ஆப்பிரிக்க முரசு) மாட்டிக்கொண்டு நடைபாதையைச் சுற்றி வந்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

என்னைக் கேட்டால் இந்த மேடைக்குச் சிறந்த இருக்கை, பக்கவாட்டில் முதல் அடுக்கின் மேல் வரிசைகள். மோசமானது, கால் ஒன்றின் நேர் பின்னால் வரும் மூலைப் பகுதி. அங்கே திரையின் ஒரு கீற்று போய்விடும்.

செல்வா: அந்தத் திரை கீழே இறங்கி விரியுமே, எப்படி? விரிஞ்சதும் படம் மங்கலா இருக்குன்னு பலர் குறைபட்டாங்களே?

நீள்வட்ட உருளை வடிவத் திரை. விரியும் அமைப்பைச் செய்தவர் சக் ஹோபர்மன். கத்தரிக்கோல் போல மடங்கி விரியும் இணைப்புகளின் மேல் அறுகோணத் துண்டுகளாக எல்இடி பலகைகள். மூடியிருக்கும்போது துண்டுகள் ஒட்டி நின்று சுமார் 7 மீட்டர் உயர முழுத் திரையாகத் தெரியும். விரித்தால் 20 மீட்டரைத் தாண்டும். எடை 50 டன்னுக்கு மேல்.

மங்கல் தவிர்க்க முடியாதது. இருக்கும் எல்இடிகள் அதே எண்ணிக்கைதான். மூன்று மடங்கு உயரத்துக்கு இழுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு வரும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகும், புள்ளிகளுக்கு நடுவே இடைவெளியும் விழும். அந்த நிலையில் பாடகரின் முகத்தைக் காட்டினால் கிழிந்த துணியில் அச்சடித்தது போல இருக்கும். ஆகவே விரியும் பாடல்களில் பெரிய வண்ணப் பரப்பு, ஓடும் கோடுகள், தடித்த எழுத்து. முகத்தைக் காட்ட வேண்டிய பாடல்களில் திரை மூடியே இருக்கும். 2011-இல் ‘ஜூரோபா’ பாடலின்போது குழுவைச் சுற்றித் திரையை இறக்கிவிட்டு, உள்ளே இருந்தபடி வாசித்தார்கள். தெளிவைக் கேட்பவர்களுக்கு அது பிடிக்காது. விளக்கமைப்பாகப் பார்த்தால் அந்தப் பயணத்தின் உச்சம் அதுதான்.

ஆபத்து இறக்கி ஏற்றுவதில் இருக்கிறது. பல இடங்களிலிருந்து ஒரே பொருளைத் தூக்கும்போது எல்லா மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒன்று பின்தங்கினால் சுமை பக்கத்து மோட்டாருக்குப் போகும், கத்தரி இணைப்பு கோணிக்கொள்ளும். அதனால் இப்படிப்பட்ட அமைப்புகளில் ஒவ்வொரு தொங்கு புள்ளியிலும் சுமையை அளக்கும் லோடு செல், இரு முனையிலும் எல்லை தாண்டாமல் நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச், எங்கிருந்தும் அழுத்தக்கூடிய அவசர நிறுத்தம் வைப்பார்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே இயக்க ஓர் ஆளும் நிற்பார். அசையும் பொருள் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே குழுவின் 1997 பாப்மார்ட் பயணமே உதாரணம்: ஆஸ்லோவில், குழு உள்ளே இருந்து வெளிவர வேண்டிய பெரிய எலுமிச்சை வடிவக் கண்ணாடிக் கூண்டு திறக்காமல் மாட்டிக்கொண்டது, உள்ளே இருந்த நால்வரும் பின்வழியாக வெளியேற வேண்டியதாயிற்று.

நிர்மலா: ஒரே பேண்டுக்கு மூணு மேடை செஞ்சாங்கன்னு படிச்சேன். வீண் செலவு இல்லையா?

மூன்று செய்தது இரும்புச் சட்டகத்தை மட்டும். திரை, ஒலி, விளக்கு எல்லாம் ஒரே செட். அது குழுவோடு பயணிக்கும். சட்டகம் ஏற நாலைந்து நாள், இறங்க இரண்டு நாளாவது ஆகும். ஒரே சட்டகம் என்றால் வாரத்துக்கு ஒரு ஊர்கூடத் தேறாது. ஒன்றில் நிகழ்ச்சி நடக்கும்போது அடுத்த ஊரில் இன்னொன்று ஏறும், முந்தைய ஊரில் மூன்றாவது இறங்கும். ஏற்றுவதிலும் ஒரு வரிசை உண்டு: நடுப்பகுதியைத் தரையில் கோத்து, ஹைட்ராலிக் ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கால்களைத் துண்டு துண்டாகச் சேர்ப்பார்கள். உயரத்தில் செய்ய வேண்டிய வேலை இதனால் குறைகிறது.

செலவு பற்றி: ஏறக்குறைய 120 லாரிகள் ஓடிய பயணம் இது. நிகழ்ச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு நாளைக்குச் சுமார் 7,50,000 டாலர் செலவு என்று மேலாளர் பால் மெக்கின்னஸ் சொன்னார். 2010 மே மாதம் பாடகர் போனோவுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்து அந்த ஆண்டின் வட அமெரிக்கச் சுற்று 2011-க்குத் தள்ளிப்போனபோது அந்தக் கணக்கு எவ்வளவு கனத்திருக்கும் என்று யோசியுங்கள். மறுபக்கம், மேடையைச் சுற்றி உட்கார வைத்ததால் ஒரு மைதானத்தின் கொள்ளளவு 15 முதல் 20 சதவீதம் கூடியது. மொத்த வசூல் 73 கோடி டாலரைத் தாண்டியது. பணக் கணக்கில் வீண் இல்லை. லாரிப் புகை பற்றிய குற்றச்சாட்டு வேறு. அது நியாயமானது, குழு அதை நன்றாகவே வாங்கிக்கட்டிக்கொண்டது.

ஜெரால்ட்: ஒலி எப்படி? ஒரு சில இடங்களில் எதிரொலி தாங்கலன்னு சொல்றாங்க.

ஒலிப் பொறுப்பு ஜோ ஓ'ஹெர்லிஹி, குழுவின் தொடக்க காலத்திலிருந்தே உடன் இருப்பவர். கால்களுக்கு இடையே உயரத்தில் நான்கு பக்கமும் பார்த்தபடி ஸ்பீக்கர் தொகுப்புகள். இந்த ஏற்பாட்டில் எப்போதும் வரும் மூன்று சிக்கல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பக்கத்துப் பக்கத்துத் தொகுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் கோடு. அந்தக் கோட்டில் நிற்பவருக்கு ஒரே ஒலி இரண்டு தூரத்திலிருந்து வந்து சில அலைவரிசைகள் அடித்துக்கொள்ளும்; சிம்பல் ஓசை விசிறிபோல மாறிமாறிக் கேட்கும். இரண்டாவது, மேலிருந்து ஒலி வருவதால் குரல் வானத்திலிருந்து வருவதுபோல இருக்கும். மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் வைத்து காதைக் கீழே இழுக்க வேண்டும்.

மூன்றாவது தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 70 மீட்டர் தள்ளி ஒரு துணை ஸ்பீக்கர் கோபுரம் வைத்தால் அதை 204 மில்லிநொடி தாமதப்படுத்த வேண்டும். அதோடு 10 முதல் 15 மில்லிநொடி கூட்டினால் ஒலி மேடையிலிருந்து வருவதாகவே காது நம்பும். இந்த நேரத்தை மாலையில் செட் செய்துவிட்டு இரவில் வெப்பநிலை இறங்கியதும் திருத்தாமல் விட்டால் தூர வரிசைகளில் சொற்கள் குழையும். கூரை மூடிய ஸ்டேடியங்களில் கேட்ட எதிரொலி தனிக் கதை. அது கட்டடத்தின் கான்கிரீட்டிலிருந்து திரும்பி வருவது. மேடையை மாற்றினாலும் போகாது.

தனுஷா: புயல் காத்து அடிச்சா இவ்வளவு பெரிய அமைப்பு பாதுகாப்பானதா?

அகன்ற நான்கு கால்கள் பக்கவாட்டுத் தள்ளலைத் தாமே தாங்குகின்றன. அதுதான் பெரிய வித்தியாசம். இந்தப் பயணம் முடிந்த இரண்டே வாரத்தில், 2011 ஆகஸ்ட் 13 அன்று, அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் ஒரு மேடைக் கூரை காற்றில் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அங்கே கூரையைப் பிடித்திருந்த இழுகம்பிகள் தரையில் சும்மா வைத்த கான்கிரீட் தடுப்புகளில் கட்டப்பட்டிருந்தன. தடுப்புகள் நகர்ந்தன, கூரை சாய்ந்தது.

காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 24 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 10-க்கு 4 மீட்டரில் ஒரு பேனர் கட்டினால் ஒரு டன் பக்கத்தில் வந்துவிடும். மேடை விழுவது பெரும்பாலும் விளக்கின் எடையால் அல்ல, கடைசி நேரத்தில் யாரோ கட்டச் சொன்ன துணியால்தான். காற்றுமானியை மேடையின் உச்சியில் வையுங்கள். எந்த வேகத்தில் துணியை அவிழ்ப்பது, எந்த வேகத்தில் கூட்டத்தை வெளியேற்றுவது என்பதை முதல் நாளே எழுதி, உத்தரவு கொடுக்கும் அதிகாரத்தை ஒரே ஆளிடம் கொடுங்கள்.

கவின்: கல்லூரி விழாவுக்கு 2,000 பேர் நிற்கிற மாதிரி வட்ட மேடை போட நினைக்கிறோம். இதிலிருந்து என்ன எடுத்துக்கலாம் அண்ணா?

தம்பி, வடிவத்தை விட்டுவிட்டு வழிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேடை உயரம் 1.2 மீட்டர் போதும். தடுப்புக் கம்பிக்கும் மேடைக்கும் நடுவே பாதுகாவலர் ஓடும் அளவு, குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி. டிரம்ஸைத் தனி மேடை போட்டு உயர்த்தாதீர்கள், பின்பக்கத்தை மறைக்கும். ஆம்ப்களை மேடைக்கு அடியில் வைத்து மைக் போடுங்கள். க்ளாவிலும் தொழில்நுட்பக்காரர்கள் பலர் மேடைக்கு அடியில்தான் இருந்தார்கள். கலைஞர்களுக்கு இன்-இயர் (காதுக்குள் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்) கொடுத்தால், அவர்கள் தங்களைக் கேட்க முன்னால் வைக்கும் மானிட்டர் பெட்டிகள் பார்வையை மறைக்காது. மிக்ஸை மோனோவில் (இடம், வலம் பிரிக்காத ஒற்றை ஒலியாக) கேட்டுச் சரிபாருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்தினரும் ஒரு ஸ்பீக்கர் தொகுப்பை மட்டும்தான் கேட்பார்கள். பாடகர் ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தால் ஊளையிடும். நடக்கும் எல்லையைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள், ஒலிச் சோதனையில் அந்த எல்லை முழுவதும் மைக்கோடு ஒருமுறை நடக்கச் சொல்லுங்கள்.

எல்லோரும் மறப்பது வழி. வட்ட மேடைக்குப் பின்பக்கம் கிடையாது. கலைஞர் வந்துபோகவும் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் போகவும் இருபுறமும் தடுப்பு வைத்த ஒரு பாதை கூட்டத்தின் நடுவே வேண்டும். அதையே கேபிள் பாதையாகவும் வைத்துக்கொள்ளலாம். டிரஸ் (விளக்கு, ஸ்பீக்கர் தொங்கவிடும் உலோகச் சட்டம்) கட்டித் தருபவரிடம், எந்தப் புள்ளி எவ்வளவு எடை தாங்கும் என்ற புள்ளிச் சுமை அட்டவணையைக் கேளுங்கள். “எல்லாம் தாங்கும்” என்று வாயால் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

மீண்டும் ரேவதி: பதிவில் பார்க்கிறதுன்னா எதைப் பார்க்கணும்? க்ளா இப்ப எங்கே?

2009 அக்டோபர் 25, பாசடீனாவின் ரோஸ் பௌல். 97,000 பேருக்கு மேல் வந்த அந்த நிகழ்ச்சி யூடியூபில் நேரலையாகப் போனது. பிறகு வட்டாகவும் வந்தது. அகலக் காட்சிகளில் கால்களைப் பார்க்காமல் பாலங்களைக் கவனியுங்கள்: யார் எந்தப் பாட்டில் வட்டப்பாதைக்குப் போகிறார், எந்தப் பக்கக் கூட்டம் அப்போது எழுந்திருக்கிறது என்று. ‘வித் ஆர் வித்தவுட் யூ’ பாடலில் கோபுர முனையின் கண்ணாடிப் பந்து மைதானம் முழுக்க ஒளித்துளிகளை எறியும். நிகழ்ச்சியில் அந்த உயரம் நேரடியாகப் பயன்படும் இடம் அது.

சட்டகங்களில் ஒன்றை அமெரிக்காவின் யூட்டா மாநிலம், டிரேப்பர் ஊரில் உள்ள மீன் காட்சியகம் வாங்கி வளாகத்தில் நிரந்தரமாக நிறுத்தியிருக்கிறது. அடியில் நின்று மேலே பார்க்கலாம்.