நான்கு நொடித் தாள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் கிராபிக் டிசைனர். நண்பர் எடுக்கும் குறும்படத்துக்கு ஒரு காதல் கடிதமும், ஒரு செய்தித்தாளின் முதல் பக்கமும் செய்துகொடுத்தேன். கதை 1950களில் நடக்கிறது. பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு, ஆனா நம்பற மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டார். திரையில் நான்கு நொடி வரப்போகிற தாளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? விஷயத்தை வசனத்திலேயே சொல்லிவிட்டுப் போகலாமே? சினிமாவில் இந்த வேலைக்கு என்ன இடம் இருக்கிறது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

எம்.

அன்புள்ள எம்.,

வசனத்திலிருந்து தொடங்குகிறேன். செய்தி சொல்வது மட்டும்தான் தாளின் வேலை என்றால் வசனமே போதும். தலைப்புச் செய்தி சுழன்று வந்து திரையை நிறைத்து நிற்குமே, அந்தப் பழைய உத்தி எனக்குச் சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது. ஒரு தாள் கதைக்குள் வருவது அதற்கு ஏதாவது நேரும்போதுதான். யாரோ அதை எழுதுகிறார்கள், ஒளித்து வைக்கிறார்கள், நனைகிறது, கிழிகிறது, சேரக்கூடாத ஆளிடம் போய்ச் சேர்கிறது.

'சிட்டிசன் கேன்' (1941) படத்தில், பத்திரிகையைக் கையில் எடுத்த இளம் கேன் வாசகர்களுக்கு உண்மையாக இருப்பேன் என்று ஒரு கொள்கை அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். அச்சுக்குப் போனபின் அந்தக் கையெழுத்துப் பிரதி தனக்கு வேண்டும் என்று நண்பன் லீலண்ட் கேட்டு வாங்கிக்கொள்கிறான். வருடங்கள் போய், நட்பும் முறிந்தபின் அதே தாள் தபாலில் திரும்பி வருகிறது. கூடவே, கேன் அனுப்பியிருந்த 25,000 டாலர் காசோலை, துண்டு துண்டாக. கேன் அறிக்கையைக் கிழித்துப் போடுகிறான். அந்த இடத்தில் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி எவ்வளவு பேச வைத்தாலும் இந்த அளவுக்கு வலிக்காது. அவன் எழுதும் காட்சியிலேயே அந்தத் தாளை நாம் நன்றாகப் பார்த்துவிட்டோம், அதனால்தான் இது வேலை செய்கிறது. அதே படத்தில் தேர்தல் இரவில் இரண்டு முதல் பக்கங்கள் தயாராக இருக்கும். ஒன்றில் கேன் வென்றுவிட்டார், இன்னொன்றில் வாக்குப்பதிவில் மோசடி. முடிவு வந்ததும் இரண்டாவது அச்சுக்குப் போகிறது. கொள்கை அறிக்கை எழுதிய மனிதன் எங்கே வந்து நிற்கிறான் என்பதைக் காட்ட வெறும் இரண்டு தலைப்புகள்!

'சைக்கோ' (1960) படத்தில் இன்னும் சின்னத் தாள். திருடிய 40,000 டாலரில் காருக்குக் கொடுத்த 700 போக மீதி எவ்வளவு என்று நாயகி மேரியன் மோட்டல் அறையில் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள், பிறகு கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுகிறாள். போகாமல் ஒட்டிக்கொண்ட ஒரு துண்டுதான் பின்னால் அவள் அங்கே தங்கியதற்குச் சாட்சி.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். நீங்கள் அதை டிசைனராக உட்கார்ந்து செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எழுதியவன் டிசைனர் இல்லையே. அவன் அவசரத்தில் எழுதினானா, நாலு முறை எழுதிக் கிழித்தபின் எழுதினானா? பேனா அவனுடையதா, இரவலா? ஓரத்தில் இடம் பற்றாமல் கடைசி வரியை நெருக்கி எழுதினானா? இதற்கெல்லாம் பதில் தெரிந்தால் அழகு தானாகவே குறைந்துவிடும்.

அப்புறம், டீ டிகாஷனில் முக்கி எடுத்திருப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான். பளீர் வெள்ளைத் தாள் கேமராவில் கண்ணைக் குத்தும் என்பதால் லேசாக டீ காட்டுவது பழைய வழக்கமும்கூட. ஆனால் முழுவதும் ஒரே பழுப்பாக இருக்கும் தாள் பழசாகத் தெரியாது, டீயில் நனைந்ததாகத்தான் தெரியும். சட்டைப் பையில் பல வருடம் இருந்த கடிதம் மடிப்பில் நைந்து வெளுத்திருக்கும். மடிப்புகள் குறுக்கே வெட்டும் இடத்தில் முதலில் ஓட்டை விழும். வெளிப்பக்கம் அழுக்கேறி, உள்ளே எழுத்து இருக்கும் பக்கம் ஓரளவு சுத்தமாகவே இருக்கும். பெட்டியில் கிடந்ததென்றால் ஓரங்கள்தான் முதலில் பழுப்பாகும். யாரிடம், எங்கே, எத்தனை வருடம் இருந்தது என்று இயக்குநரிடம் கேட்டுவிட்டுப் பிறகு கை வையுங்கள்.

மை விஷயத்திலும் கவனம் வேண்டும். 'காசாபிளாங்கா' (1942) படத்தில் ரயில் நிலையத்தில் நாயகன் ரிக் படிக்கும் கடிதத்தில் மழை விழுந்து மை கரைந்து ஓடும். பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தால் அப்படி ஓடாது. கரைய வேண்டிய கடிதத்தைத் தண்ணீரில் கரையும் பேனா மையால் எழுதி, அதே தாளில் முன்கூட்டியே சொட்டு விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

செய்தித்தாளில் தலைகீழ் சிக்கல். 1950களின் பத்திரிகை என்று அதையும் பழுப்பாக்கியிருந்தால் தவறு. கதையில் அது அன்று காலை வந்த பேப்பர், புதிதாகத்தான் இருக்கும். எழுத்துருவின் வயதையும் பாருங்கள். ஹெல்வெடிகா 1957இல் வந்தது, ஏரியல் 1982இல். உங்கள் கதை 1952இல் நடந்தால் இரண்டுமே கிடையாது. தட்டச்சு எழுத்துக்கும் இதே கவனம் வேண்டும். தட்டச்சு போன்ற எழுத்துருவைக் கணினியில் அடித்தால் சிதைந்த 'அ' எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சிதைந்திருக்கும். நிஜ இயந்திரத்தில் விரலின் அழுத்தம் மாறும், ரிப்பன் மங்கும், எழுத்துக்கு எழுத்து வேறுபடும்.

தலைப்புக்குக் கீழே அர்த்தமில்லாத நிரப்பு எழுத்தைப் போடாதீர்கள். பார்வையாளர் படிக்கிறாரோ இல்லையோ, நடிகர் படிப்பார். கையில் இருப்பது நிஜக் கடிதம் என்றால் அவர் கண் வரியில் ஓடும் விதமே வேறு.

கிழிக்கும் காட்சி இருந்தால் டேக்குக்கு (ஒவ்வொரு முறை படமெடுப்பதற்கும்) ஒரு பிரதி என்று கணக்குப் போட்டு, மேலே சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் மடிப்பும் கறையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கன்டினியுட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் இருக்க வேண்டிய தொடர்ச்சி, போய்விடும். சலசலக்கும் தாள் வசனத்தையும் விழுங்கும். ஒலிப்பதிவாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், லேசாக ஈரம் தெளித்தாலே சத்தம் அடங்கும்.

கடைசியாக, படத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுத்து எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லுங்கள். 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' (2014) படத்தின் அந்த இளஞ்சிவப்பு கேக் பெட்டியில் 'பாடிஸ்ஸெரி' (patisserie, கேக் கடை) என்ற சொல்லில் ஒரு 't' கூடுதலாக அச்சாகிவிட்டது. படப்பிடிப்பு பாதி போனபின்தான் கண்டுபிடித்தார்கள், பிறகு கணினியில் திருத்தினார்கள். உங்கள் நண்பரின் குறும்படத்தில் அதற்கெல்லாம் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்.