சிவத்த ஒயில் லைற் எரியுதோ? கேளுங்கோ, சொல்லுறன்

நாலைஞ்சு பேர் கேட்டிருக்கிறியள், ஒவ்வொண்டா வாறன். ஆனா முதல்ல இதைப் பிடியுங்கோ, அந்தச் சிவத்த லைற் ஒயில் எவ்வளவு கிடக்கு எண்டு காட்டுறதில்ல, ஒயில் பிறஷரைத்தான் காட்டும். ஓடேக்க எரிஞ்சா எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத்தான் மிச்சக் கதை.

கிளிநொச்சித் தம்பி: அண்ணை, பழைய கார், லைற் அணையுதே இல்ல, ஒயில் மட்டம் சரியாக் கிடக்கு. சென்சர் போட்டுதோ?

உடன புதுசு வாங்காதேங்கோ தம்பி. பழைய கார்களில அது அநேகமா ஒற்றை வயர் சுவிச், பிறஷர் இல்லாட்டி உள்ளுக்க எர்த் ஆகி, அதாவது காரின்ர இரும்புப் பொடியோட தொடுப்பாகி, லைற் எரியும், பிறஷர் அஞ்சு பிஎஸ்ஐ (பிறஷர் அளக்கிற அலகு) அளவில வந்தோண்ண தொடுப்பு விட்டு லைற் அணைஞ்சிடும். திறப்பை ஒன் பண்ணி, எஞ்சின் ஸ்ராட் பண்ணாமல் அந்த வயரைக் கழட்டுங்கோ. அப்பவும் லைற் எரிஞ்சா வயர் எங்கயோ கார்ப் பொடியில முட்டுது, வீட்டில நெல்லு மூட்டை அடுக்கி பக்கத்தில காரை விடுறனியள் எண்டா எலி கடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ. அணைஞ்சா வயர் சரி, இனி சுவிச்சோ பிறஷரோ எண்டதுதான் கேள்வி. அதுக்கு சுவிச்சைக் கழட்டி அந்த ஓட்டையில பிறஷர் அளக்கிற கேஜ் பூட்டி, எஞ்சின் நல்லாச் சூடானாப் பிறகு பாக்கோணும். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிசத்துக்குச் சுத்திற சுத்து) 10 பிஎஸ்ஐ எண்டது பொதுக் கணக்கு, உங்கட எஞ்சினுக்கு உரியதை மனுவல்ல பாருங்கோ.

முள்ளியவளையில இருந்து: சூடானாப் பிறகு சிக்னல்ல நிக்கேக்க மினுங்குது, அக்சிலேற்றர் குடுத்தா அணையுது. கராஜ்ல சென்சரை மாத்தச் சொல்லினம்.

எனக்கு இதுதான் பயம். சூட்டில ஒயில் தண்ணி மாதிரி இளகும், ஐடில்ல பம்ப் மெல்லமாச் சுத்தும், எஞ்சினுக்குள்ள சுத்திற தண்டைத் தாங்கிற பெயரிங் தேய்ஞ்சிருந்தா பிறஷர் முதல்ல அங்கதான் விழும். இன்னொண்டு, கீழ குனிஞ்சு சம்பை, அதுதான் எஞ்சினுக்கு அடியில ஒயில் தங்கிற தட்டை, பாருங்கோ. கிரவல் றோட்டில கல்லில இடிச்சு சம்ப் உள்ளுக்க நெளிஞ்சிருந்தா அது ஒயில் உறிஞ்சிற வலையோட ஒட்டிக்கொண்டு நிக்கும், பிறகு பம்ப் எதை இழுக்கிறது? வெளியில ஒரு சொட்டு ஒழுக்கும் இராது, அதால கன பேர் கவனிக்கிறேல்ல. கேஜ் போட்டுப் பாக்காமல் சுவிச் மாத்த விடாதேங்கோ.

மல்லாவி அக்கா: பழைய வான் ஒண்டு வாங்கப் போறம், ஒயில் லைற் எரியிறதே இல்ல, நல்ல எஞ்சின்தானே?

அவசரப்படாதேங்கோ அக்கா! திறப்பை ஒன் பண்ணேக்க அது எரியத்தான் வேணும். எரியாட்டி பல்ப் போயிருக்கும், இல்லாட்டி ஆரோ வயரைக் கழட்டி விட்டிருப்பினம். சுவிச் வயரைக் கழட்டி வான் பொடியில தொட்டுப் பாருங்கோ, எரிஞ்சா பிழை சுவிச்சில, திரெட்டில டேப்பை அளவுக்கு மிஞ்சிச் சுத்தி எர்த் வராமல் போறதும் உண்டு.

மாங்குளம்: லைற்றோட எப்பிடியும் மெல்ல ஓடி வீட்டை போகலாமோ?

வேண்டாம், கயிறு கட்டி இழுங்கோ. பிறஷர் உண்மையாவே இல்லையெண்டா பெயரிங் சில நிமிசத்தில போயிடும்.

வவுனியா: புதுக் கார், பிழைக் கோட் வாசிக்கிற ஸ்கானர்ல பி0522 காட்டுது.

அது சென்சர் சிக்னல் வோல்ற் குறைவு எண்டது. கொனெக்டரைக் கழட்டுங்கோ, உள்ளுக்க ஒயில் நனைஞ்சிருந்தா சென்சர் உள்ளால ஒழுகுது, மாத்தத்தான் வேணும். காய்ஞ்சிருந்தா 5 வோல்ற் வருதோ எண்டு மீற்றரால அளந்துபோட்டு எழுதுங்கோ. பி0524 வந்தா மட்டும் காரை எடுக்காதேங்கோ, அது பிறஷரே குறைவு எண்டு சொல்லுற கோட்.