சாட்சிக் கையெழுத்து

அன்புள்ள அக்கா, ஸ்தோத்திரங்க.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆயுத பூஜைப் பொரி வாங்காததிலிருந்து எல்லாரும் 'அல்லேலூயா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சாப்பிடும்போது பக்கத்தில் யாரும் உட்காருவதில்லைங்க. பைக்கில் ஒட்டிய வசனத்தை எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை. மாமனார் வீட்டிலும் இதே பேச்சு. போன வாரம் கட்டிங் மிஷினில் ஒரு பையனுக்கு விரல் போய்விட்டது, வீட்டில் அடிபட்டதாக எழுதி என்னிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறார்கள், இன்னும் போடவில்லை, அந்தத் தலைவலி வேறு. ஒரு கை பொரிக்கா இத்தனை பகை? விசுவாசத்துக்காக நிற்கத் தைரியம் வேண்டும். எப்படி ஜெபிப்பதுங்க?

— திருப்பூர் வாசகர்

தம்பி,

தினமும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது லேசான வலி இல்லை. பொரி உங்கள் மனச்சாட்சி விஷயம். படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் நிதானமாகவே பேசுகிறார். அதை இதோடு விடுங்கள். 'தலைவலி' என்று தள்ளிவிட்டீர்களே, உங்கள் விசுவாசத்துக்குச் சோதனை அங்கேதான். கேலியைப் பற்றி இவ்வளவு எழுதியவர், அந்தப் பையன் எப்படியிருக்கிறான் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு அது வருத்தம்.

வீட்டில் அடிபட்டதென்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் கூலியில் 70 சதவீதம்தான், அதற்கும் போதிய நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் அடிபட்டதென்றால் 90 சதவீதம், வேலைக்குச் சேர்ந்த அன்றே அடிபட்டாலும். போன விரலுக்கு மருத்துவக் குழு பார்த்து முடிவு செய்யும் நிரந்தர ஊன உதவியும் உண்டு. நீங்கள் போடும் ஒரு கையெழுத்து இத்தனையையும் அடைத்துவிடும். இந்தப் பணம் முதலாளி கையிலிருந்து போவதும் இல்லை, இ.எஸ்.ஐ. கொடுப்பது. கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்குகிறவர்கள் வந்து செய்யும் சோதனை, அந்தப் பயம்தான்.

யாத்திராகமத்தில் வரும் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் பிரசங்கம் ஏதும் செய்யவில்லை. ஆண்பிள்ளைகளைக் கொல்லப் பார்வோன் சொன்னான், அவர்கள் கொல்லவில்லை. பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரரான நெகேமியா ராஜாவிடம் வாய் திறக்குமுன் மிகவும் பயந்தார். அந்தப் பயத்தோடேயே ஜெபித்துவிட்டுப் பேசினார். பயம் போகட்டும் என்று நீங்களும் காத்திருக்க வேண்டாம்.

நேரம், மிஷின், இரும்புக் கையுறை கொடுத்திருந்தார்களா, பார்த்தவர்கள் யார், எல்லாவற்றையும் இன்றிரவே எழுதி வையுங்கள். நாளைக்கு மேனேஜரைத் தனியாகப் பாருங்கள். நாலு பேர் முன்னால் பேசினால் வீம்பு வந்துவிடும். "நடந்ததை நடந்தபடி எழுதுங்க, உடனே கையெழுத்துப் போடறேனுங்க" என்றால் போதும். விபத்து அறிக்கை உடனே இ.எஸ்.ஐ.க்குப் போயிருக்க வேண்டியது. மறுத்தால் பையனின் வீட்டார் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், நீங்கள் துணைக்குப் போங்கள்.

வேலை போகலாம், தம்பி. அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல மாட்டேன். மனைவியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.