சொட்டுறது ஓரிடம், ஓட்டை வேறிடம்

ஆனி ஆடியில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழை. ரெண்டு பருவமும் நனைக்கிற மாவட்டம் நம்ம கன்னியாகுமரி. போதாக்குறைக்குக் கடல் உப்பு வேற. தக்கலைப் பக்கம் முப்பது வருசமா வீடு கட்டுறதும் பழுது பார்க்கிறதுமா இருக்கிறதால ஆளுக்கொரு கேள்வி கேட்டிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, பழைய ஓட்டு வீடு. அடுக்களையில சொட்டுது. சொட்டுற இடத்துக்கு நேர் மேல இருந்த ரெண்டு ஓட்டை மாத்தியும் நிக்கல.

நேர் மேல மாத்தினதுதான் தப்பு தம்பி. ஓட்டுக்குள்ள நுழைஞ்ச தண்ணி உடனே கீழ விழாது. ஓடு உட்கார்ற பட்டியல் சட்டத்துல இறங்கி, அதைத் தாங்குற சாய்வு மரமான கழுக்கோலைப் பிடிச்சுக்கிட்டே சரிஞ்சு வந்து, ஒரு ஆணியோ மரக்கணுவோ தடுக்கிற இடத்துலதான் சொட்டும். அதனால சொட்டுற இடத்துல இருந்து கூரை உச்சி மோட்டைப் பார்த்து மேல மேல தேடிப் போங்க. நல்ல வெயில் நேரத்துல கதவு சன்னலை அடைச்சு, லைட்டை அணைச்சுட்டு அண்ணாந்து பாருங்க. விரிசல் விட்ட ஓடு ஊசி முனை மாதிரி வெளிச்சம் காட்டும். நீளக் கம்புல சாக்குக்கட்டியைக் கட்டி அங்கேயே ஒரு குறி போட்டுடுங்க.

வெளிச்சமே தெரியலையா? உங்க ஊர்ல நான் முதல்ல சந்தேகப்படுறது ரப்பர் இலையைத்தான். மார்கழி, தையில உதிர்ற இலை ஓட்டுச் சால்ல அடைஞ்சு மக்கிக் கிடக்கும். மழை வந்ததும் தண்ணி அதுல முட்டி, பின்னால ஏறி உள்ள வரும். ஓடு முழுசாத்தான் இருக்கும், வீடு மட்டும் ஒழுகும். நனைஞ்ச ஓட்டு மேல பாசி வழுக்கும், மழையில ஏறாதீங்க. இப்போதைக்கு உள்ள இருந்தே உடைஞ்ச ஓட்டைக் கொஞ்சம் தூக்கி, அடியில ஒரு தகரத்துண்டைச் சொருகி விடுங்க. வெயில் வந்ததும் ஓட்டை மாத்திக்கலாம்.

கொளச்சலிலிருந்து: மாமா, சன்ஷேடு காங்கிரீட் பாளம் பாளமா விழுது, கம்பி தெரியுது. மேல சிமெண்ட் வச்சுப் பூசிடலாம்னு கொத்தனார் சொல்றார்.

பூச விடாதே மக்கா. முதல் வேலையா இன்னைக்கே அதுக்கு அடியில பைக் நிறுத்துறதையும் பிள்ளைங்க விளையாடுறதையும் நிறுத்து.

உப்புக்காத்து காங்கிரீட்டுக்குள்ள இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறின கம்பி பருக்கும். அந்தப் பருமனுக்கு உள்ள இடம் கிடையாது, அதனால காங்கிரீட்டை உள்ள இருந்து தள்ளி உடைக்கும். கடல் மணல்ல கட்டின வீடுன்னா இது இன்னும் சீக்கிரம் வரும். துரு மேலயே பூசினா அடுத்த மழைக்குப் பூச்சோட சேர்ந்து விழும்.

சுத்தியல் காம்பால தட்டிப் பார்க்கச் சொல்லு. பொள்ளலாச் சத்தம் வர்ற இடமெல்லாம் கொத்தி எடுக்கணும், கம்பிக்குப் பின்னாலயும் விரல் போற அளவுக்கு எடுக்கணும். கம்பி பிரஷ் போட்டு வெளுக்கத் தேய்ச்சு, துருத்தடுப்புப் பெயிண்ட் அடிச்சு, பிறகுதான் பாலிமர் கலந்த சாந்து. கம்பி நல்லா மெலிஞ்சிருந்தா பக்கத்துல புதுக் கம்பி சேர்க்கணும். சன்ஷேடுக்கு இது போதும். இதே மாதிரி பீம்லயோ தூண்லயோ தெரிஞ்சா எங்களைக் கூப்பிடாதே, இன்ஜினியரைக் கூப்பிடு.

நாகர்கோவிலிலிருந்து ஒரு அக்கா: மழை பெய்தாலே இஎல்சிபி விழுந்துடுது. அதைக் கழட்டிட்டு நேரடியா கனெக்‌ஷன் கொடுத்துடலாம்னு எலெக்ட்ரீசியன் சொல்றார்.

அந்த ஆளை இனி வீட்டுப் பக்கம் விடாதீங்கக்கா. கரண்ட் கசிஞ்சா தானா விழுந்து லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்தான் இஎல்சிபி. வீடுகள்ல போடுறது 30 மில்லியாம்பியர் கசிஞ்சாலே விழுற மாதிரி செஞ்சது, உயிரைக் காப்பாத்தத்தான். விழுதுன்னா எங்கேயோ கரண்ட் கசியுதுன்னு அர்த்தம்.

ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியா இருக்கிற எம்சிபி சுவிட்ச் எல்லாத்தையும் கீழ தள்ளிட்டு இஎல்சிபியை மேல போடுங்க. பிறகு எம்சிபியை ஒண்ணொண்ணா ஏத்துங்க. எதை ஏத்தும்போது விழுதோ அந்த லைன்லதான் கோளாறு. எல்லாம் கீழ இருக்கும்போதே விழுந்தா, நியூட்ரல் வயர் எங்கேயோ ஈரத்துல எர்த்தைத் தொடுதுன்னு சந்தேகப்படலாம். ஏன்னா ஒத்தை எம்சிபி ஃபேஸ் வயரை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரலைத் துண்டிக்காது. அதைப் பிரிச்சுப் பார்க்க ஆள் வேணும்.

மழையில மட்டும்னா கேட் லைட், வெளி பிளக், கிணத்து மோட்டார் லைன், இதுதான் வழக்கமான இடம். ஒரு வீட்டுக்கு நான் மூணு தடவை போயும் பிடிபடல. நாலாவது தடவை காம்பவுண்டு சுவர்ல இருந்த காலிங் பெல் டப்பாவைத் திறந்தேன். உள்ள எறும்பு கட்டின மண் கூடு, தொட்டா கையில ஒட்டுற ஈரம். சுரண்டி எடுத்துட்டுப் புது சுவிட்ச் போட்டேன், நூறு ரூபாய்கூட ஆகல. மூணு தடவை போன கூலியை நான் வாங்கல.

அப்புறம் இஎல்சிபியில இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்குங்க. அமுக்கியும் விழலைன்னா அது வெறும் டப்பா, உடனே மாத்துங்க.

திங்கள்சந்தை: கிணத்து மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல.

முதல்ல மோட்டாரை நிறுத்துங்க. தண்ணி இல்லாம ஓடினா சீல் கருகிடும். குழாய்ல தண்ணி ஊத்தி நிரப்புங்க. ஊத்த ஊத்த இறங்கினா, கிணத்துக்குள்ள குழாய் அடியில தண்ணியைத் திரும்ப விடாம பிடிக்கிற ஃபுட்வால்வ் பிடிக்கல, பெரும்பாலும் இலையோ மணலோ மாட்டியிருக்கும். நிரம்பி நின்னா மோட்டாரைப் போட்டுப் பாருங்க, காத்து பிடிச்சதுதான். சுத்தாம உர்ருன்னு மட்டும் சத்தம் வந்தா கெப்பாசிட்டர் போயிருக்கலாம், ஒரு நொடிகூட விட்டு வைக்காதீங்க.

தக்கலை: பைப் மூடினாலும் சொட்டுது.

வாஷர். மெயின் வால்வை அடைச்சுட்டு மாத்துங்க. அழுத்தித் திருகாதீங்க, திருகின திருகல்ல மரை போய்டும்.

முட்டம்: 2017 ஒக்கிப் புயல்ல ஓடு பறந்ததும் தகர ஷீட் போட்டோம். இப்ப ஸ்க்ரூ உள்ள இடமெல்லாம் துரு, ஒழுக்கு.

ஸ்க்ரூ அடியில இருக்கிற ரப்பர் வாஷர் வெயில்ல வெடிச்சுப் போச்சு. மேல எம்சீல் அப்புறதெல்லாம் ஒரு மழைக்குத்தான். ஸ்க்ரூவைக் கழட்டி, ஒரு அளவு பெரிய ஸ்க்ரூவைப் புது வாஷரோட போடுங்க. ஷீட்டோட பள்ளத்துல போடாம மேட்டுலதான் போட்டிருக்கான்னும் பாருங்க. ஓரத்து வரிசையை விட்டுடாதீங்க, காத்து தூக்குறது அங்க இருந்துதான்.

மார்த்தாண்டம்: மாமா, புது அயனி மரக் கதவு ஆடி மழையில இருந்து அடைய மாட்டேங்குது. ஆசாரியை வரச் சொல்லிச் சீவட்டுமா?

இப்ப வேண்டாம். ஈரம் குடிச்சு வீங்கின மரத்தைச் சீவினா, காய்ஞ்சதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவுல விரல் போகும். கீல் ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்குதான்னு மட்டும் பார்த்து முறுக்கு. உரசுற ஓரத்துல மெழுகுவர்த்தியைத் தேய். மாசி வரைக்கும் பொறு. அப்பவும் உரசினா ஆசாரியைக் கூப்பிடு, சீவின இடத்துல அன்னைக்கே வார்னிஷ் அடிச்சுடச் சொல்லு.